உங்கள் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள்: எந்த எண்ணை எடுத்துச் சொல்வது?

கட்டுரை வெளியாகிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். நிதி கொடுத்த அமைப்புக்கோ பதவி உயர்வுக் குழுவுக்கோ அது எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஓரிரு வரி எழுதித் தர வேண்டும். ஆய்விதழின் பக்கத்தைத் திறந்தால் ஒரு பார்வை எண்ணிக்கை இருக்கிறது. பக்கத்திலேயே, கட்டுரைக்கு இணையத்தில் கிடைத்த கவனத்தைக் காட்டும் ஒரு வண்ண வளையமும் அதன் நடுவில் ஓர் எண்ணும். கூகுள் ஸ்காலர் ஒரு மேற்கோள் எண்ணிக்கையைக் காட்டுகிறது, ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளம் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட் தன் பங்குக்கு 'வாசிப்புகள்' என்று இன்னொன்றைத் தருகிறது. ஒரே கட்டுரைதான், ஆனால் எந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போவதில்லை. இந்த இடத்தில் பலரும், இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்து எழுதிவிடுகிறார்கள்.

அது ஆய்வாளருக்கே கெடுதலாகத்தான் முடிகிறது. எண்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால் அந்த வரியை நம்பமாட்டார். தெரியாதவர்கள் மட்டும் இருந்தால் அடுத்த ஆண்டு எல்லாரிடமும் அதே எண்ணைக் கேட்பார்கள். அதனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரை வெளியான முதல் ஓராண்டுக்குள் ஒரே ஓர் எண் போதும் என்றால் மெண்டெலி என்ற, கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் செயலியின் வாசகர் எண்ணிக்கையை எடுப்பேன். இரண்டு எண்ணுக்கு இடம் இருந்தால் முழு உரையைத் திறந்தவர்களின் தனித்த எண்ணிக்கையையும் சேர்ப்பேன். அந்த வண்ண வளையத்தின் நடுவில் இருக்கும் எண்ணை எங்கும் எழுதமாட்டேன். ஆனால் அந்த வளையத்தைக் கட்டாயம் சொடுக்கிப் பார்ப்பேன்.

மேற்கோள்: பழையது, மெதுவானது

மேற்கோள் எண்ணிக்கையில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லா அளவுகளும் இதன் போதாமையில் இருந்து பிறந்தவை. யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் முன்வைத்த யோசனை 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வந்தது. ஒரு கட்டுரையை அடுத்து வந்த எத்தனை கட்டுரைகள் சுட்டுகின்றன என்று எண்ணுவது அது. இன்றும் இதுதான் அதிகம் மதிக்கப்படும் எண். அதில் நியாயமும் இருக்கிறது: ஒருவர் தன் கட்டுரையை எழுதி, மதிப்பாய்வைத் தாண்டி, வெளியிட்ட பிறகுதான் உங்கள் கணக்கில் ஒன்று கூடுகிறது. அவ்வளவு உழைப்புக்குப் பின்னால் வரும் ஒன்று, ஒரு சொடுக்கில் வரும் ஒன்றைவிட எடை கூடியது.

சிக்கல் அந்தத் தாமதத்தில்தான். உங்கள் கட்டுரையைப் படித்து, அதை வைத்து ஒரு வேலை செய்து, அதை எழுதி, அது அச்சாகி வர ஒன்றிரண்டு ஆண்டுகள் எளிதாக ஓடிவிடும். முதல் ஆண்டில் பூஜ்யம் இருந்தால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. அப்புறம், படிப்பவர்கள் எல்லாரும் எழுதுபவர்கள் அல்லர். மருத்துவர், செவிலியர், பொறியாளர், ஆசிரியர், சட்டம் வரைபவர் போன்றவர்கள் கட்டுரையைப் படித்துத் தங்கள் வேலையை மாற்றிக்கொள்ளலாம். மேற்கோள் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள்.

எந்தத் தளத்தின் எண் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் இடும் வடிவம்) என்று கண்ணில் பட்டதை எல்லாம் சேர்க்கிறது. அதனால் எண் பெரிதாக வருகிறது, ஏமாற்றுவதும் எளிதாகிறது. பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் சிரில் லாபே 2010-இல் இதைக் காட்டினார். கணினி நிரலால் உருவாக்கிய பொருளற்ற கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்து, இல்லாத ஓர் ஆளைக் கூகுள் ஸ்காலர் தரவின்படி உலகின் முன்னணி அறிவியலாளர்களில் ஒருவராக ஆக்கிவிட்டார். காசு கொடுக்காமல் ஓரளவு திறந்த தரவு வேண்டும் என்றால் 2022-இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் நல்ல தேர்வு. எண் எப்படி வந்தது என்று யார் வேண்டுமானாலும் திரும்பிப் போய்ச் சரிபார்க்கலாம்.

பார்வையும் பதிவிறக்கமும்

வாசிப்புக்கு மிக அருகில் இருக்கும் எண் இதுதான் என்று தோன்றும். கட்டுரையைத் திறந்தால்தானே படிக்க முடியும்? ஆனால் 'திறந்தார்' என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும்.

ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேடுபொறியில் இருந்து வந்து சுருக்கப் பக்கத்தைப் பார்க்கிறார். பிடித்திருக்கிறது, முழு உரையை உலாவியிலேயே திறக்கிறார். பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று பிடிஎஃப் கோப்பையும் இறக்கிக்கொள்கிறார். பதிப்பகங்களும் நூலகங்களும் ஒத்துக்கொண்ட கவுண்டர் என்ற நடைமுறை விதித்தொகுப்பின்படி, இந்த ஒருவருடைய வருகை 'ஆராய்தல்' கணக்கில் மூன்று. 'முழு உரைக் கோரிக்கை' கணக்கில் இரண்டு. அதே கோரிக்கையைத் தனித்த கணக்கில் எடுத்தால் ஒன்று. மூன்றுமே பிழையில்லாத எண்கள்தான். ஆனால் ஓர் இதழ் தன் பக்கத்தில் 'பார்வைகள்' என்று போடும்போது இந்த மூன்றில் எது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. கவுண்டர் விதிகளைப் பின்பற்றாத தளம் என்றால், தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்துபோனதும் அதில் சேர்ந்திருக்கலாம். கவுண்டர் அவற்றைக் கழிக்கச் சொல்கிறது. 30 நொடிக்குள் ஒரே இணைப்பை இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றாகத்தான் எண்ணச் சொல்கிறது.

பக்கத்தை எப்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்பதும் எண்ணை மாற்றும். சில பதிப்பகங்களில் இணைப்பைச் சொடுக்கினால் நேரே முழு உரைதான் திறக்கும். சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக வந்தவரும் அங்கே 'முழு உரை வாசகர்' ஆகிவிடுகிறார். பிடிஎஃப் வேண்டியவர் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், எனவே இருமுறை எண்ணப்படுகிறார். இந்த ஏற்றத்தைச் சரிக்கட்டத்தான் தனித்த கோரிக்கை என்ற கணக்கு 2019-இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது. ஆகவே பதிப்பகத்திடமோ நூலகரிடமோ கேட்கும்போது 'எத்தனை பார்வை' என்று கேட்காதீர்கள். 'தனித்த முழு உரைக் கோரிக்கைகள் எத்தனை' என்று கேளுங்கள். கேள்வியை மாற்றினாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

மீதிப் பாதி போகாது. ஏனென்றால் ஒரு கட்டுரை ஒரே இடத்தில் இருப்பதில்லை. பதிப்பகத் தளத்தில் ஒரு படி, உயிர்மருத்துவக் கட்டுரைகளின் இலவசக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் ஒன்று, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒன்று, முன்பதிப்பாக ஆர்க்கைவிலோ பயோஆர்க்கைவிலோ ஒன்று. கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் ஸை-ஹப்பில் படித்தவர்கள், நண்பர் மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பைப் படித்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். பிளாஸ் இதழ்கள் 2009-லேயே கட்டுரை அளவிலான எண்களை வெளியிடத் தொடங்கி, தங்கள் தளத்தின் பார்வையோடு பப்மெட் சென்ட்ரல் பார்வையையும் சேர்த்துக் காட்டின. அது நல்ல முன்மாதிரி. ஆர்க்கைவ் நேர் எதிர்: 1991-இல் இருந்து இயங்கும் அந்தக் களஞ்சியம் தனித்தனிக் கட்டுரைகளின் பதிவிறக்க எண்ணை வெளியிடுவதே இல்லை. எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இயற்பியலோ கணிதமோ செய்பவர்களுக்கு இதனால் ஒரு நடைமுறைத் தொல்லை: உண்மையான வாசிப்பில் பெரும்பகுதி ஆர்க்கைவில் நடந்திருக்கும், ஆனால் கையில் இருப்பது இதழ்ப் பக்கத்தின் சின்ன எண் மட்டும். அந்தத் துறைகளில் பதிவிறக்கத்தை வைத்து எதையும் வாதாட வேண்டாம் என்றே சொல்வேன்.

மெண்டெலி: அடக்கமான எண்

மெண்டெலி ஒரு மேற்கோள் மேலாண்மைச் செயலி. ஆய்வாளர்களும் மாணவர்களும் தாங்கள் படிக்க, சுட்ட நினைக்கும் கட்டுரைகளை அதில் சேமிக்கிறார்கள். எத்தனை பேர் தங்கள் சேகரிப்பில் ஒரு கட்டுரையை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வாசகர் எண்ணிக்கை. சேமித்தவர் எல்லாரும் படித்திருப்பார்கள் என்று சொல்லமுடியாது. ஆனாலும் ஒரு கட்டுரையைத் தன் வேலைக்காக எடுத்துவைக்கிறார் என்றால், போகிற போக்கில் சொடுக்கியவரைவிட அவர் ஒரு படி நெருங்கி வந்திருக்கிறார்.

இந்த எண்ணை நான் முன்னால் வைப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மேற்கோள் வருவதற்கு வெகுமுன்பே இது வந்துவிடுகிறது. பின்னால் வரப்போகும் மேற்கோளோடு, ட்வீட் எண்ணிக்கையைவிட இது நன்றாக ஒத்துப்போகிறது என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: சேமித்தவர்கள் முனைவர் பட்ட மாணவர்களா, பேராசிரியர்களா, எந்தத் துறையினர் என்ற பிரிப்பும் கிடைக்கிறது. மண்ணியல் கட்டுரை ஒன்றைப் பொதுச் சுகாதாரத் துறையினர் கணிசமாகச் சேமித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அதுவே அறிக்கையில் எழுதத் தக்க செய்தி. எந்த மேற்கோள் எண்ணும் முதல் ஆண்டில் அதைச் சொல்லாது.

குறை இல்லாமல் இல்லை. ஸோட்டெரோ போன்ற வேறு செயலிகளில் சேமித்தவர்கள் இந்த எண்ணில் வரமாட்டார்கள். மாணவர்கள் அதிகம், மூத்தவர்கள் குறைவு. 2013-இல் இருந்து மெண்டெலி எல்செவியர் என்ற பதிப்பகத்தின் சொத்து; ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் எண் என்பதை மறந்துவிடக் கூடாது. செயலியின் பயன்பாடு காலப்போக்கில் ஏறி இறங்கும் என்பதால் 2014-இல் வந்த கட்டுரையையும் 2024-இல் வந்த கட்டுரையையும் இதை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரே ஆண்டு, ஒரே துறை என்றால் சரி.

வண்ண வளையத்துக்குள் என்ன இருக்கிறது

ஜேசன் பிரீமும் வேறு மூன்று ஆய்வாளர்களும் 2010 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆய்வாளர்களின் பேச்சு இணையத்துக்கு வந்துவிட்டது, அங்கே விழும் தடங்களையும் அளப்போம் என்பது அதன் சாரம். ஆல்ட்மெட்ரிக்ஸ் என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான். அடுத்த ஆண்டே ஆல்ட்மெட்ரிக் நிறுவனம் தொடங்கியது. அதன் வளையத்தில் ஒவ்வொரு நிறமும் ஒரு மூலம்: சிவப்பு செய்தித் தளங்கள், மஞ்சள் வலைப்பதிவுகள், இப்படி. நடுவில் இருப்பது கவன மதிப்பெண்.

அந்த மதிப்பெண் எப்படி வருகிறது என்று ஒருமுறை கையால் கூட்டிப் பாருங்கள். செய்தி ஒன்றுக்கு 8 என்பது அடிப்படை எடை, வலைப்பதிவுக்கு 5, விக்கிப்பீடியாவுக்கு 3, ஃபேஸ்புக் பொதுப் பக்கத்தில் ஒரு பதிவுக்கு 0.25. விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தில் வந்தாலும் பத்துப் பக்கத்தில் வந்தாலும் அதே 3தான். ஒரு செய்தி, ஒரு வலைப்பதிவு, விக்கிப்பீடியா என்றால் சுமார் 16. அதில் செய்தி என்பது பல்கலைக்கழகத்தின் ஊடகக் குறிப்பை ஒரு தளம் அப்படியே எடுத்துப் போட்டதாக இருக்கலாம். விக்கிப்பீடியாவில் சுட்டியது அந்தத் தலைப்பை ஆண்டுக்கணக்காகத் திருத்திவரும் ஒருவர் தேடி எடுத்ததாக இருக்கலாம். முதலாவதுக்கு இரண்டாவதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் எடை. இந்த எடைகளைத் தவறு என்று சொல்லவில்லை. கவனம் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்பதன் மதிப்பீடு அவை. தரத்தின் அளவு இது அல்ல என்று அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்கிறது. அதைத் தரம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நாம்தான்.

மெண்டெலி எண் இந்த மதிப்பெண்ணில் சேராது, பக்கத்தில் தனியாக இருக்கும். சத்தமில்லாமல் நிறையப் பேர் படித்து எடுத்துவைத்த கட்டுரைக்குச் சின்ன மதிப்பெண் வருவது அதனால்தான். 

பாராட்டும் எதிர்ப்பும் இந்தக் கூட்டலில் ஒன்றே. இதற்கு மறக்கமுடியாத எடுத்துக்காட்டு 2010 டிசம்பரில் சயன்ஸ் இதழ் இணையத்தில் வெளியிட்ட ஆர்சனிக் பாக்டீரியாக் கட்டுரை. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஒரு நுண்ணுயிர், பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கைப் பயன்படுத்தி வளர்கிறது என்றது அது. நாசா செய்தியாளர் கூட்டம் நடத்தியது, உலகமே பேசியது. ஓரிரு நாளில் நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்டு தன் வலைப்பதிவில் சோதனையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். 2012-இல் அதே இதழ் அந்த முடிவை மறுத்து இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. 2025 ஜூலையில் மூலக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது. முறைகேடு என்று இதழ் சொல்லவில்லை. சோதனைகள் முடிவைத் தாங்கவில்லை என்றது. ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. இந்தக் கதையில் அறிவியலுக்கு உண்மையான பயன் தந்தது மறுத்து எழுதிய அந்த வலைப்பதிவு. மதிப்பெண் முறையில் போட்டால் அது மூலக் கட்டுரைக்குக் கூட்டித் தரும் 5 புள்ளி.

மேற்கோளும் இந்த நோயில் இருந்து தப்பவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பரிந்துரைத்து 2020 மார்ச்சில் வந்த பிரெஞ்சுக் கட்டுரை 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதற்கு ஆயிரக்கணக்கான மேற்கோள்கள். மறுப்பதற்காகச் சுட்டியவையும் அவற்றில் உண்டு.

சமூக ஊடகப் பகுதி இன்னும் நடுங்கும் தரை. 2012-இல் வெளியான கட்டுரைகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவைதான் ஒரு ட்வீட்டாவது பெற்றிருந்தன. பெற்றவற்றிலும் பல, இதழின் சொந்தக் கணக்கோ தானியங்கிக் கணக்கோ தலைப்பை மட்டும் போட்டவை. பல் மருத்துவக் கட்டுரைகள் பற்றிய ட்வீட்களை 2017-இல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர்கள், உண்மையான உரையாடல் அவற்றில் அரிது என்றார்கள். 2023-இல் ட்விட்டர் தன் தரவுக்கான இலவச வழியை மூடியது. கட்டுரைகளின் அடையாள எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு தன் நிகழ்வுத் தரவில் இருந்து ட்விட்டர் பகுதியை அதே ஆண்டு நீக்கியது. ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் புளூஸ்கைக்குப் போய்விட்டார்கள். 2019-இல் வந்த கட்டுரைக்கும் இன்று வரும் கட்டுரைக்கும் கவன எண்ணை ஒப்பிடுவது இதனாலேயே வீண் வேலை.

இன்னொன்று: ஆல்ட்மெட்ரிக் செய்யும் இந்தத் தேடல் பெரும்பாலும் இணைப்பையும், கட்டுரையின் நிலையான அடையாள எண்ணான டிஓஐயையும் நம்பி இருக்கிறது. ஒரு செய்தியாளர் ஆய்வைப் பற்றி நன்றாக எழுதி, இணைப்புக் கொடுக்கவில்லை என்றால் அது தவறிப்போகலாம். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இது இன்னும் அதிகம். முன்பதிப்புக்கும் இறுதிக் கட்டுரைக்கும் வேறு வேறு டிஓஐ என்பதால் கவனம் இரண்டாகப் பிரிந்தும் கிடக்கும்.

ஆல்ட்மெட்ரிக் போன்ற இன்னொரு சேவையான பிளம்எக்ஸ் இங்கே ஒரு நல்ல வேலை செய்கிறது: எல்லாவற்றையும் ஓர் எண்ணாகக் கூட்டுவதில்லை. மேற்கோள், பயன்பாடு, சேமிப்பு, குறிப்பிடல், சமூக ஊடகம் என்று ஐந்தாகப் பிரித்தே வைக்கிறது. அந்த ஒழுங்குக்காக அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் பயன்பாட்டுக் கணக்கு எப்ஸ்கோ போன்ற சில மூலங்களில் இருந்து வருவது, முழுமையானது இல்லை. 2017-இல் இருந்து அதுவும் எல்செவியரிடம்தான். எந்தப் பதிவு யார் எழுதியது என்று போய்ப் படிப்பதற்கு ஆல்ட்மெட்ரிக் பக்கம் வசதி. எண்களைப் பிரித்துப் பார்க்கப் பிளம்எக்ஸ். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்றால் நான் முதலாவதை எடுத்து, மதிப்பெண்ணை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் குறிப்பிடல்களைப் படிப்பேன். அந்தப் படிப்பில்தான் தங்கம் கிடைக்கும்: ஒரு கொள்கை ஆவணத்தின் அடிக்குறிப்பு, ஒரு காப்புரிமை விண்ணப்பம், ஒரு நோயாளர் அமைப்பின் விளக்கப் பக்கம். கொள்கை ஆவணங்களை மட்டும் தேடுவதற்கு ஓவர்ட்டன் என்ற தரவுத்தளமும் இருக்கிறது. இந்த வகைத் தடங்கள் பெரும்பாலான கட்டுரைகளுக்கு வராது. வந்தால் ஒன்றே போதும், ஆயிரம் பார்வைக்கு மேல்.

எதற்கு எது

உங்கள் சொந்த ஆர்வத்துக்காக, யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? எண்ணே வேண்டாம். வளையத்தைச் சொடுக்கி உள்ளே போங்கள், மெண்டெலியின் துறைப் பிரிப்பைப் பாருங்கள். விமரிசனம் இருக்கிறதா என்று வெளியான கட்டுரைகளைப் பற்றி விவாதிக்கும் தளமான பப்பியரிலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பதவி உயர்வுக்கு என்றால், வெளியாகி மூன்று ஆண்டு தாண்டிய கட்டுரைகளுக்கு மேற்கோளைக் கொடுங்கள், எந்தத் தளம் என்று சொல்லுங்கள். துறைச் சராசரியோடு ஒப்பிட்ட எண் கிடைத்தால் அதையே கொடுங்கள். கணிதத்தில் நல்ல எண் என்பது உயிர்மருத்துவத்தில் சாதாரணம். புதிய கட்டுரைகளுக்கு மெண்டெலியும் தனித்த முழு உரைக் கோரிக்கையும். இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள்) கட்டுரையின் மேல் ஏற்றாதீர்கள். தனிக் கட்டுரையை அளக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013-இல் வந்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னதை இன்று பல குழுக்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

மக்கள் பணத்தில் நடந்த ஆய்வு, பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று நிதி அமைப்பு கேட்டால் செய்தியும் விக்கிப்பீடியாவும் கொள்கை ஆவணமும் பொருத்தம். அங்கேயும் எண்ணிக்கையைவிட எடுத்துக்காட்டு பேசும்: எந்த ஆவணம், எந்தப் பக்கம், அதில் உங்கள் ஆய்வை எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு வரி.

எதை எழுதினாலும் மூலத்தின் பெயரும் பார்த்த தேதியும் சேர வேண்டும். இந்த எண்கள் கூடும், குறையவும் செய்யும். நீக்கிய பதிவுகள் கணக்கில் இருந்து போய்விடும். 'மெண்டெலியில் 64 பேர் சேமித்துள்ளனர், பாதிக்கு மேல் முனைவர் பட்ட மாணவர்கள். பதிப்பகத் தளத்தில் தனித்த முழு உரைக் கோரிக்கைகள் 410. பார்த்த நாள் மார்ச் 3' என்பது போன்ற வரியைச் சரிபார்க்க நினைப்பவருக்கு எங்கே போகவேண்டும் என்று தெரியும். அந்த நாளில் பக்கத்தைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.